பத்துத் தலைக்கு ஒரு கழுத்து

மாறுவேடப் போட்டி என்றால் விவரமான பெற்றோர் பாரதியாரைத்தான் பிடிப்பார்கள். ஒரு முண்டாசு, கண்மையில் ஒரு மீசை, தீர்ந்தது வேலை. இரண்டாம் வகுப்பு படிக்கும் என் மகனோ ராவணன்தான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றான். வாடகைக் கடையில் காட்டிய ராவணனுக்கு அட்டையில் வெட்டிய தலைகள். "இது ராவணன் இல்லப்பா, ராவணன் கட்-அவுட்" என்று ஐந்தாம் வகுப்பு மகள் நிராகரித்துவிட்டாள். நாமே செய்வது என்று முடிவாயிற்று.

பண்ருட்டியில் கொலு பொம்மைகளைக் காகிதக் கூழில் செய்கிறார்கள். அச்சில் அழுத்தி எடுத்து, இரண்டு பாதியையும் ஒட்டி, வெள்ளை அடித்து, வர்ணம் தீட்டுவார்கள். மண் பொம்மையைவிடக் கனம் ரொம்பக் குறைவு. அச்சுக்கு நாங்கள் எங்கே போவது? பலூனை ஊதி, அதன் மேல் செய்தித்தாள் துண்டுகளை மைதாப் பசையில் தோய்த்து ஒட்டினோம். கத்தரிக்கோல் ஆகாது, கையால் கிழித்த ஓரம்தான் ஒன்றோடொன்று படியும். மேலிருந்து கீழாகக் கிழித்தால் நேராக வரும், குறுக்கே கிழித்தால் கோணிக்கொள்ளும். பிள்ளைகளைப் பார்த்து "கிழி, கிழி" என்று பெரியவர்கள் கெஞ்சும் வேலை வேறு எதுவும் இல்லை. பழைய பேப்பர் தீர்ந்ததும், நான் இன்னும் பிரிக்காத அன்றைய பேப்பரும் போயிற்று.

"வெந்தயத்தை ஊறவெச்சு அரைச்சு அதுல கலடா" என்றார் அம்மா. அந்தக் காலத்தில் முறத்தையும் கூடையையும் காகிதமும் வெந்தயமும் அரைத்துத்தான் மெழுகுவார்களாம், பூச்சி அண்டாதாம். பூச்சி அண்டுகிறதோ இல்லையோ, அதுவரை பசையைக் கஞ்சி என்று நினைத்து விரலை நக்கிக்கொண்டிருந்த மகன் அதோடு நிறுத்தினான்.

ஒரு சுற்று காய்ந்த பிறகே அடுத்த சுற்று ஒட்ட வேண்டும். இல்லையென்றால் உள்ளே ஈரம் தங்கிப் பூஞ்சை பிடிக்கும். காய்ந்துவிட்டதா என்று பிள்ளைகள் விரலால் குத்திக் குத்திப் பார்த்ததில் ஒரு தலைக்குக் கன்னம் ஒட்டிப்போனது. "இந்தத் தலைக்கு மட்டும் விரதம்" என்றான் மகன். எல்லாம் காய்ந்ததும் பலூனை ஊசியால் குத்தினோம். காதைப் பொத்திக்கொண்டு நின்ற இருவருக்கும் ஏமாற்றம். வெடிக்காமல் புஸ்ஸென்று சுருங்கி, காகிதத்தை விட்டுச் சரசரவென்று உரிந்து வந்தது. ஒரு ராவணனின் நெற்றியில் 'மணமகள் தேவை' என்று கொட்டை எழுத்து. அதன் மேல் வர்ணம் பூச எனக்கு மனமே வரவில்லை. சீதையைத் தூக்குவதற்கு முன்னால் அவன் முறைப்படி விளம்பரம் கொடுத்துத்தான் பார்த்திருக்கிறான்.

உண்மையான சோதனை அதற்குப் பிறகுதான். மகன் தலையைக் கழித்தால் மிச்சம் ஒன்பது. ஒன்பதை இரண்டு பக்கமும் சமமாகப் பிரிக்க எந்தக் கணக்கு வாத்தியாராலும் முடியாது. வலப்பக்கம் ஐந்து, இடப்பக்கம் நான்கு என்று சைக்கிள் ஹெல்மெட்டில் கட்டினால், பக்கத்து வீட்டுப் பேச்சை ஒட்டுக் கேட்பவன்போல லங்கேஸ்வரன் வலப்பக்கமே சாய்ந்தான். "ஒண்ணைக் கழட்டிடலாம்" என்றாள் மகள். "ஒன்பது தலைன்னா அது ராவணனே இல்ல" என்று மகன் அழத் தொடங்கினான்.

அம்மாதான் தீர்த்துவைத்தார். "அவன் தன் தலையையே கிள்ளி வீணை பண்ணிச் சிவனைப் பாடினவன்தானே? அந்த ஒண்ணைக் கையில கொடு." ஒரு கம்பு, நரம்புக்கு நாலு முழம் நூல், முனையில் அந்த விரதத் தலை. வீணையும் ஆயிற்று, தராசும் நேராயிற்று.

போட்டியன்று ஆட்டோவின் இரண்டு பக்கமும் தலைகள் எட்டிப் பார்த்தபடியே பள்ளிக்குப் போனோம். முதல் பரிசு ஒரு பாரதியாருக்கு.

டெல்லியில் தசராவுக்கு மூங்கிலும் காகிதமும் வைத்துப் பிரம்மாண்டமான ராவணன் கட்டி, அன்று மாலையே கொளுத்திவிடுகிறார்கள். தீமை அழிவதன் அடையாளம் என்பார்கள். வைக்க இடமில்லை என்பதும் ஒரு காரணம் என்று நான் நினைக்கிறேன். எங்கள் பரணில் இப்போது பெட்டிக்கு இடமில்லை. கொளுத்தவும் பிள்ளைகள் விடவில்லை.

ஆகவே வாசகர்களே, உங்கள் வீட்டிலும் மாறுவேடப் போட்டி என்று பேச்சு வந்தால் தயங்காமல் சொல்லி அனுப்புங்கள். வெந்தயம் போட்டது, பூச்சி அரிக்காது. தலைகள் இலவசம், கழுத்து மட்டும் நீங்கள் கொண்டுவர வேண்டும்.