வந்து போகும் பணத்துக்கு ஓர் இலக்கணம்

எழுத்துக்கும் சொல்லுக்கும் பொருளுக்கும் இலக்கணம் வகுத்த தமிழில், பங்குச் சந்தைக்குள் வந்து போகும் அந்நியப் பணத்துக்கு ஓர் இலக்கணம் இல்லாதது பெருங்குறை. சந்தையைக் கண்காணிக்கும் அமைப்பான செபி அவ்வப்போது ஒழுங்குமுறைகளை வெளியிட்டுத்தான் வருகிறது. ஆனால் அவை நூற்பாக்கள். உரையில்லாத நூற்பா யாருக்கு விளங்கும்? அக்குறை தீர்க்க எழுந்தது இச்சிற்றுரை. உரைகாரனிடம் டீமேட் கணக்கு இருக்கிறதா என்று மாணாக்கர் கேட்கலாகாது.

முதற்கண் திணை. நிலம் வாங்கி, ஆலை கட்டி, ஆள் எடுத்து, மின் இணைப்புக்கு அலைந்து இங்கேயே உட்கார்ந்துவிடும் பணம் உயர்திணை. அதற்கு நேரடி முதலீடு என்று பெயர். விசைப்பலகையில் ஒரு தட்டலில் வந்து மறு தட்டலில் போகும் பங்கு, கடன்பத்திரப் பணம் அஃறிணை. இரண்டையும் பிரித்தறிவது எவ்வாறு? குணத்தால் அன்று, சதவீதத்தால். ஒரு நிறுவனத்தின் பங்கு மூலதனத்தில் 10 சதவீதத்துக்குக் கீழே இருக்கும்வரை அது அஃறிணை. 10-ஐத் தொட்டுவிட்டால் ஐந்து வர்த்தக நாள்களுக்குள் மிகுதியை விற்றாக வேண்டும். விற்காவிட்டால் உயர்திணையாகக் கொள்ளப்படும். ஒரு தசமப் புள்ளியில் திணை மாறும் அதிசயம் உலகில் வேறு எந்த மொழியிலும் இல்லை.

இனி உட்பிரிவு. 1991-இல் டாலர் வற்றித் தங்கத்தை அடகு வைத்த நாடு, 1992 செப்டம்பரில் அந்நிய நிறுவன முதலீட்டாளருக்குக் கதவைத் திறந்தது. எஃப்ஐஐ என்ற பெயர் அப்போது பிறந்தது. 2014-இல் செபி அதையும் இன்னும் இரண்டு இனங்களையும் ஒன்றாக்கி எஃப்பிஐ, அதாவது அந்நிய போர்ட்ஃபோலியோ முதலீட்டாளர் என்று பெயரிட்டது. வெளிநாட்டு அரசுகளும் மத்திய வங்கிகளும் முதல் பிரிவு, ஒழுங்குமுறைக்கு உட்பட்ட நிதிகள் இரண்டாம் பிரிவு, ஏனையோர் மூன்றாம் பிரிவு. 2019-இல் மூன்றாம் பிரிவு இரண்டாம் பிரிவில் கரைந்தது. புரோக்கர் அலுவலகத்திலோ இன்றைக்கும் “எஃப்ஐஐ வித்துட்டான் சார்” என்பதே வழக்கு. உலக வழக்கு செபி வழக்குக்குக் கட்டுப்படாது.

அடுத்தது தோன்றா எழுவாய். “வந்தான்” என்றால் யார் என்பது வினையின் விகுதியிலாவது தெரியும். மொரிஷியஸ் வழி வந்த பணத்தில் அதுவும் தெரியாது. 1982-இல் கையெழுத்தான இரட்டை வரித் தவிர்ப்பு ஒப்பந்தத்தின்படி, அந்நாட்டில் வசிப்பவர் இந்தியப் பங்கை விற்று ஈட்டும் லாபத்துக்கு அப்போது இங்கே வரி இல்லை. அங்கேயும் அந்த வரி கிடையாது. தலைநகர் போர்ட் லூயிஸில் ஒரு முகவரி, உள்ளூர் இயக்குநர்கள், வசிப்பிடச் சான்றிதழ் ஒன்று. இவை இருந்தால் போதுமாயிருந்தது. சான்றிதழ் காட்டினால் மேற்கொண்டு தோண்ட வேண்டாம் என்று 2000-இல் நேரடி வரிகள் வாரியமே சுற்றறிக்கை விட்டது. 2003-இல் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லும் என்றது. அதனால் 13 லட்சம் மக்கள்கூட இல்லாத ஒரு தீவு, பல ஆண்டுகள் இந்தியாவில் முதலீடு செய்யும் நாடுகளின் பட்டியலில் முதலிடத்தில் நின்றது. அத்தீவின் ரூபாய் நோட்டில் தமிழும் அச்சாகிறது என்பதில் நமக்குப் பெருமை உண்டு. வந்த பணம் யாருடையது என்பதை மட்டும் எந்த மொழியிலும் அச்சிடவில்லை. 2016-இல் ஒப்பந்தம் திருத்தப்பட்டு, 2017 ஏப்ரல் முதல் வாங்கிய பங்குகளுக்கு வரி வந்தது.

எழுவாயைத் தேடும் பணி அதோடு முடியவில்லை. உச்ச நீதிமன்றம் அமைத்த நிபுணர் குழு 2023 மே மாதம் தந்த அறிக்கையில், 13 வெளிநாட்டு நிறுவனங்களின் இறுதி உரிமையாளர் யார் என்று செபி தேடித் தேடி விடை காணாத கதை வருகிறது. அதே ஆண்டு ஆகஸ்டில் செபி புது நூற்பா இயற்றியது: இந்தியப் பங்கு முதலீட்டில் பாதிக்கு மேல் ஒரே குழுமத்தில் வைத்திருந்தாலோ, மொத்தம் 25,000 கோடி ரூபாயைத் தாண்டினாலோ, பின்னால் நிற்கும் மனிதர் வரைக்கும் பெயர் சொல்ல வேண்டும். 2025-இல் இரண்டாவது வரம்பு 50,000 கோடியானது. எழுவாய் தோன்றுவதற்கும் ஒரு விலை வைத்திருக்கிறார்கள்.

ஆகுபெயருக்கு இலக்கியம் பி-நோட். பதிவு பெற்ற அந்நிய நிறுவனம் இங்கே பங்கை வாங்கி, அதன் பலனை வெளிநாட்டில் ஒருவருக்குச் சீட்டாக எழுதித் தரும். பங்கு அந்நிறுவனத்தின் பெயரில்; லாப நட்டம் சீட்டுக்காரருக்கு. 2007-இல் அந்நிய நிறுவனங்களின் கையிருப்பில் ஏறத்தாழப் பாதி இவ்வகைச் சீட்டுகளுக்காகவே நின்றது. அவ்வாண்டு அக்டோபர் 16 மாலை, இதற்குக் கட்டுப்பாடு விதிக்கலாமா என்று செபி ஒரு கருத்துக் கேட்புத் தாளை வெளியிட்டது. தடை அன்று, கேள்விதான். மறுநாள் காலை மணி அடித்த சில நிமிடங்களில் வர்த்தகம் ஒரு மணி நேரம் நின்றது; அன்று சென்செக்ஸ் ஒரு கட்டத்தில் 1,700 புள்ளிகளுக்கு மேல் சரிந்திருந்தது. நிதியமைச்சர் ப. சிதம்பரம், பி-நோட்டைத் தடை செய்யும் எண்ணம் இல்லை என்று விளக்கம் தர, மாலையில் நட்டம் 336 புள்ளிகளாகச் சுருங்கியது. ஒரு வாரத்தில் கட்டுப்பாடு வந்தது. அமெரிக்க முதலீட்டு வங்கி லீமன் பிரதர்ஸ் விழுந்து அந்நியப் பணம் ஓட்டமெடுத்தபோது, மறு அக்டோபரில் அதே கட்டுப்பாடு நீக்கப்பட்டது. வெள்ளத்தில் அணையை மூடுவதும் வறட்சியில் திறப்பதும் நம் நீரியல்.

குறியீட்டு நிதிகள் செயப்பாட்டு வினை. அவை வாங்குவதில்லை; அவற்றால் வாங்கப்படுகிறது. 2024 ஜூன் 28-இல் ஜேபி மார்கன் தன் வளரும் சந்தைக் கடன்பத்திரக் குறியீட்டில் இந்தியாவைச் சேர்க்கத் தொடங்கியது. அதைப் பின்பற்றும் நிதிகளுக்கு நம் அரசுப் பத்திரம் பிடிக்குமா பிடிக்காதா என்ற கேள்வியே எழவில்லை.

இத்தனை பகுப்பும் நுழைவாயிலில் செய்வது. பணம் எவ்வினம் என்பது அது வெளியேறும்போதுதான் தெரியும் என்பதே இவ்வுரைகாரன் கொள்கை. 2013 மே 22-இல் அமெரிக்க ஃபெடரல் ரிசர்வ் தலைவர் பென் பெர்னான்கி, மாதாமாதம் பத்திரம் வாங்குவதைக் குறைக்கலாம் என்று வாய்ப்பேச்சாகச் சொன்னார். அப்போது டாலர் 56 ரூபாய்க்குள். ஆகஸ்ட் 28-இல் 68-ஐத் தாண்டியது. இனம் இனமாக வரிசையில் நின்றா வெளியேறினார்கள்? அந்நேரம் தோன்றல், திரிதல் எல்லாம் போய்க் கெடுதல் ஒன்றே விகாரமாக நின்றது.

இதற்குப் புறனடையும் உண்டு. 2024 அக்டோபரில் அந்நியர் சுமார் 94,000 கோடி ரூபாய்ப் பங்குகளை விற்றுத் தள்ளினர். முன்பென்றால் சந்தை நொறுங்கியிருக்கும். இம்முறை உள்நாட்டு நிறுவனங்கள் அதைவிட அதிகமாக வாங்கின. பரஸ்பர நிதிகளில் சேமிப்போர் மாதத் தவணையாகச் செலுத்தும் எஸ்ஐபி வரவு அம்மாதம்தான் முதன்முறையாக 25,000 கோடியைத் தாண்டியது. அற்றேல் அந்நியப் பணம் இனி எதற்கு எனின், எஸ்ஐபி வருவது ரூபாயில், போகிறவர் கேட்பது டாலர். அக்டோபரில் 84 ரூபாய்க்கு விற்ற டாலர் டிசம்பரில் 85-ஐத் தாண்டியது. அதற்கான விதிகள் மும்பை மிண்ட் சாலையில், ரிசர்வ் வங்கியிடம் இருக்கின்றன. அது வேறு அதிகாரம்.