பார்ட்ஸுக்குத்தான்!

காயலான் கடையில் பழைய ஆசிலாஸ்கோப்பைக் கண்டால் ஸ்கோப் சாருக்கு அப்புறம் கால் நகராது. தூக்கிப் பார்ப்பார், குமிழ்களைத் திருகுவார், முகர்ந்துகூடப் பார்ப்பார். டிரான்ஸ்ஃபார்மர் எரிந்திருந்தால் வாசனையே சொல்லிவிடுமாம். ஆட்டோவில் ஏற்றிய கையோடு வீட்டுக்குப் போன் போகும்: "சத்தம் போடாதே, இது பார்ட்ஸுக்குத்தான்."

ஏற்கெனவே ஒரு டெக்ட்ரானிக்ஸ் 465 மேஜைமேல் செத்துக் கிடக்கிறது. எழுபதுகளின் சரக்கு, 100 மெகாஹெர்ட்ஸ். அந்தக் கம்பெனி தனக்கென்றே செய்துகொண்ட ஐசி ஒன்று போய்விட்டது. கடையில் கிடைக்காது, இன்னொரு 465-ஐப் பிரித்தால்தான் உண்டு. நியாயம்தானே? ஆனால் வந்ததைத் திறந்ததும், "அடடா, இதோட ட்யூப் அதைவிடப் பளிச்சுனு இருக்கே! இதைப் போய்ப் பிரிக்கிறதா?" என்பார். அந்த நிமிடமே மேஜைமேல் இருந்தது பார்ட்ஸுக்கு, வந்தது வைத்தியத்துக்கு. இதில் டான்டலம் கெபாசிட்டர் ஷார்ட். பழையதிலிருந்து பிடுங்கலாமென்றால் அதற்கும் அதே வயது, அதே வியாதி. ரிச்சி தெருவில் புதிதாகவே கிடைக்குமே என்றால் முறைப்பார். "ஒரிஜினல் போடணும்யா!" ஆகவே மூன்றாவது 465. அதன் முகப்பில் ஒரு கீறல்கூட இல்லை. அதை எப்படிப் பிரிப்பது?

இத்தனைக்கும் ஸ்கோப்பில் கோளாறைத் தேட, ஓடுகிற ஸ்கோப் ஒன்று வேண்டும். அது மட்டும் அவரிடம் கிடையாது.

வால்வு காலத்து டெக்ட்ரானிக்ஸ் ஒன்றும் வைத்திருக்கிறார். அதில் பாகங்களைப் பீங்கான் பட்டைகளில் பற்றவைத்திருப்பார்கள். சாதாரண ஈயம் பட்டையின் வெள்ளிப் பூச்சை அரித்துவிடும் என்பதால், வெள்ளி கலந்த ஈயக் கம்பிச் சுருள் ஒன்றைப் பெட்டிக்குள்ளேயே மாட்டி அனுப்பினார்கள். "பின்னாடி ரிப்பேர் பண்றவனுக்காக வச்சிருக்கான் பாரு" என்று காட்டும்போது அவர் குரல் தழுதழுக்கும். அந்தச் சுருளை அவர் இன்றுவரை தொட்டதில்லை. அதைக் கேட்கும்போது அவரைப் பிடிக்காமல் போகாது.

ஆனால் என் முள் மல்டிமீட்டர் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு நாளைக்கு என்று வாங்கிப்போனார். இப்போது அதன் முள் ஒரு பவர் சப்ளையில் ஆடுகிறது. மீட்டரின் ஸ்விட்ச் எங்கே போனது என்று அவருக்கே தெரியவில்லை. ஓடாத மூன்றைப் பிரிக்க மனம் வராத மனிதருக்கு, ஓடிய ஒன்றைப் பிரிக்க எப்படி மனம் வந்தது? அதுவும் அடுத்தவன் பொருளை!

சார், இதைப் படித்தால் மீட்டரைத் திருப்பித் தாருங்கள். பார்ட்ஸாகத் தந்தாலும் வாங்கிக்கொள்கிறேன்.