பிசிறப் பாத்தியா பேராண்டி?

வாடா பேராண்டி. செடி கொடிய அச்சு அசலா வரையப் பழகுறியாமுல்ல? உங்காத்தா சொன்னா. பையி கனக்குதே, என்னத்த வாங்கிட்டு வந்த? எடு, பாப்போம்.

இந்தத் தூரிகை சைபீரியாவுல திரியிற கீரி மாதிரி ஏதோ ஒரு பிராணியோட வால்மயிராம்! அதுக்கு ரோசாவயும் தெரியாது, ஒன்னயும் தெரியாது. தாளு முழுப் பருத்தியாம். நான் கட்டியிருக்கிற வேட்டியே பாதி பாலியஸ்டருதான். சரி, காசு உங்கப்பன் காசு. ரோசா எங்கடா?

போனுக்குள்ளயா? அட போடா! போட்டோவப் பாத்துப் பொண்ணக் கட்டுன கதையால்ல இருக்கு. வாசல்ல செடி நிக்கிது, கண்ணுல படல? எலையும் முள்ளுமா ஒரு கொப்பு வெட்டி, டம்ளர்ல தண்ணி ஊத்தி வையி. பென்சில இப்பத் தொடாத. பாரு மொதல்ல.

பூவுக்கு அடியில பச்சையா அஞ்சு இதழ் இருக்கா? அஞ்சயும் ஒரே அச்சுல போட்டுட்டுப் போயிருவ, எனக்குத் தெரியும். காட்டு ரோசாவுலயும் பழைய சாதி ரோசாவுலயும் திருப்பிப் பாரு. ரெண்டு இதழுக்கு ரெண்டு ஓரத்துலயும் பிசிறு. ரெண்டுக்குப் பிசிறே கெடையாது. மிச்சமுள்ள ஒண்ணுக்கு ஒரு ஓரத்துல மட்டும். ஏன்னு கேளேன்! மொட்டுல அஞ்சும் ஒண்ணு மேல ஒண்ணு மூடிக்கிட்டுக் கெடக்கும். வெளிய தெரியிற ஓரத்துல பிசிறு வரும், உள்ள மாட்டுன ஓரத்துல வராது. அம்புட்டுத்தான் சங்கதி. அண்ணந்தம்பி அஞ்சு பேருன்னு ஐரோப்பாக்காரய்ங்க இதுக்கு ஒரு விடுகதையே வச்சிருக்காய்ங்க. ஒங்க வாத்தியாரு இதச் சொன்னாரா, இல்ல பீசு மட்டுந்தான் சொன்னாரா?

முள்ளப் பெருவிரலால பக்கவாட்டுல தள்ளு. பொட்டுன்னு கழண்டுரும். தோலோட மொளச்சது அது. எலுமிச்ச முள்ள அப்பிடித் தள்ளிப் பாரு, ஒன் விரலுதான் கழலும். எலைய எண்ணு. ஒரு காம்புல அஞ்சோ ஏழோ நிக்கும். காம்போட அடியில ரெண்டு பக்கமும் சின்னதா செதிலு ஒட்டியிருக்கா? அத விட்டுப்புட்டு வரஞ்சா, இது என்ன வேப்பங்கொழுந்தான்னு கேப்பாய்ங்க.

வரைய ஒக்காந்தா பூவ மொதல்ல போடு. எலை நாளைக்கும் நிக்கும். காலையில மொட்டா வச்ச பூ, மத்தியான வெக்கையில விரிஞ்சு நின்னு ஒன்னய வேடிக்க பாக்கும். பூ எம்புட்டோ படமும் அம்புட்டு. ஈர்க்குச்சிய வச்சு அளந்துக்க.

ரெதூதேன்னு ஒரு ஆளு பாரிசுல இருந்தாரு. 1817-லருந்து 1824 வரைக்கும் ரோசாப் படமாவே போட்டுத் தள்ளுனவரு. ஆளு யான கணக்கா, விரலெல்லாம் கோணலுன்னு பாத்தவுக எழுதி வச்சிருக்காக. இந்தா, ஒன் விரலு நல்லா வெண்டக்காயாட்டம் நேராத்தானடா இருக்கு?

நம்ம பக்கமும் ஆளு இல்லாமலா? மதராசுல ராபர்ட் வைட்டுன்னு ஒரு டாக்டரு. 1838-லருந்து 1853 வரைக்கும் இங்கிட்டுள்ள செடிகள 2,000-க்கும் மேல படமா வெளியிட்டாரு. வரஞ்சவுகள்ல முக்கியமானவுக ரங்கையா, கோவிந்துன்னு ரெண்டு பேரு. ஒரு ஆர்க்கிட் இனத்துக்கே கோவிந்து பேர வச்சுட்டாரு அந்த மனுசன். சர்ட்டிபிகேட் எங்கன்னு அவுகள எவன் கேட்டான்?

ஏலேய், அங்க பாரு, ஒங்க அப்பத்தா கூடையத் தூக்கிட்டு வாறா. வெள்ளிக்கெழமடா இன்னைக்கி. சாமிக்குப் பூவுன்னு வந்துட்டா கலைன்னும் பாக்கமாட்டா, பேரன்னும் பாக்கமாட்டா. டம்ளரக் கட்டிலுக்கு அடியில தள்ளு, சீக்கிரம்!