கதவுக்கும் குழந்தைக்கும் நடுவே

முன்னால் மோதினால் ஆபத்து, புரிகிறது. பக்கவாட்டில் மோதினால் அவ்வளவு பயப்பட வேண்டுமா?
– ஒரு தந்தை, பெருங்களத்தூர்

வேண்டும். முன்பக்கம் நசுங்கிக் கொடுக்க பானெட், எஞ்சின் என்று ஏறக்குறைய ஒரு மீட்டர் இருக்கிறது. பக்கத்தில் ஒரே ஒரு கதவு. அதற்கும் குழந்தையின் தலைக்கும் ஒரு சாண், மிஞ்சினால் ஒன்றரைச் சாண். இடிக்கிற வண்டி அந்தக் கதவையே உள்ளே தள்ளிக்கொண்டு வரும். பிறந்த குழந்தையின் நீளத்தில் கால் பங்கு தலைதான். அதைத் தாங்கும் கழுத்துக்கு இன்னும் பலம் வந்திருக்காது.

ஊருக்குள்தான் ஓட்டுகிறோம், 50 கி.மீ. தாண்டாது. பாட்டி மடி போதாதா?
– ஒரு தாய், காரைக்குடி

போதாது. கார்களின் பாதுகாப்பை மதிப்பிடும் பாரத் என்கேப் சோதனையில் காரின் பக்கவாட்டில் தடுப்பு வண்டியை மோதவிடும் வேகமே 50 கி.மீ.தான். அந்த வேகத்தில் போகும் கார் விநாடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்தில் நின்றால், 10 கிலோ குழந்தை 140 கிலோ கனத்தோடு கையைவிட்டுப் பிய்த்துக்கொண்டு போகும். எந்தப் பயில்வானும் பிடிக்க முடியாது. 14 வயதுக்குட்பட்ட பிள்ளையை பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இல்லாமல் ஏற்றினால் ரூ.1,000 அபராதம் என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 194பி பிரிவும் சொல்கிறது.

பின் சீட்டில் நடுவிலா, இடதா, வலதா?
– வாசகர், திருப்பூர்

இரண்டு கதவுக்கும் தூரமான இடம் நடு. அமெரிக்காவில் மூன்று வயது வரையுள்ள குழந்தைகளை வைத்துச் செய்து 2008-ல் வெளியான ஆய்வில், நடுவில் உட்கார்ந்தவர்களுக்குக் காயம்படும் வாய்ப்பு ஓரத்தில் இருந்தவர்களைவிட 43 சதவீதம் குறைவு.

ஆனால் நம் கார்களில் குழந்தை இருக்கையை மாட்டும் ஐசோஃபிக்ஸ் கொக்கிகள் பெரும்பாலும் இரண்டு ஓரங்களில்தான் இருக்கின்றன. பழைய வண்டி என்றால் நடுவில் இடுப்பு பெல்ட் மட்டும் இருக்கும். பல கார்களில் நடு இருக்கை மேடாகவும் இருக்கும். இடது கொக்கியில் ஒன்று, வலது கொக்கியில் ஒன்று என்று எடுத்து நடுவில் மாட்டப் பார்க்காதீர்கள். கார் கையேடு அனுமதித்தாலன்றி அது தவறு. நடுவில் ஆடுகிற சீட்டைவிட ஓரத்தில் அசையாத சீட் மேல். ஓரம்தான் என்றால் என் ஓட்டு இடதுக்கு. மோதலைக் கணக்கிட்டுச் சொல்லவில்லை. குழந்தையை இறக்கும்போது லாரி போகும் பக்கம் நிற்க வேண்டாமே!

இறுக்கம் போதுமா என்று எப்படித் தெரிந்துகொள்வது?
– வாசகர், நாகர்கோவில்

சீட்டின் மேல் முழங்காலை ஊன்றி அழுத்திக்கொண்டு பெல்ட்டை இழுத்துப் பூட்டுங்கள். முறுக்கு இருக்கக் கூடாது. பிறகு பெல்ட் நுழைகிற இடத்தருகே சீட்டைப் பிடித்து இடமும் வலமும் ஆட்டுங்கள். இரண்டரை சென்டிமீட்டருக்கு மேல் நகர்ந்தால் மறுபடியும் முதலிலிருந்து. தலைப்பக்கத்தைப் பிடித்து ஆட்டாதீர்கள். அங்கே கொஞ்சம் ஆடத்தான் செய்யும்.

அடுத்தது குழந்தையின் தோள்பட்டை வார். அதை இரண்டு விரலால் கிள்ளிப் பாருங்கள். மடிப்புக் கையில் வந்தால் தளர்வு. இந்த இரண்டில் ஒன்று தளர்ந்தாலும், தலையை அணைத்துக்கொள்ள வேண்டிய பக்கச் சிறகுகள் ஓரிடம், தலை வேறிடம் என்றாகிவிடும்.

ஒரு வயது முடிந்துவிட்டது. முன்னோக்கித் திருப்பிவிடலாமா? கால் மடங்கியிருக்கிறதே?
– ஒரு தாய், தஞ்சாவூர்

திருப்பாதீர்கள். மடங்கிய காலால் கெடுதல் இல்லை. பக்கத்தில் அடிவாங்கும் காரும் பெரும்பாலும் முன்னே போய்க்கொண்டுதான் இருக்கும். அதனால் முன்னோக்கி உட்கார்ந்த குழந்தையின் தலை முதலில் முன்னால் பாயும். சிறகுகளைத் தாண்டி வெளியே வந்த பிறகு கதவுப் பக்கம் திரும்பும். பின்னோக்கி உட்கார்ந்தால் அதே விசை தலையை சீட்டின் ஓட்டுக்குள் அழுத்தும். குழந்தை இருக்கைகளுக்கான ஐ.நா.வின் ஆர்129 விதிப்படி 15 மாதம் தாண்டும் வரை பின்னோக்கித்தான். 1960-களில் பெர்டில் ஆல்ட்மன் பின்னோக்கிய சீட்டை உருவாக்கிய ஸ்வீடனில் நான்கு வயது வரைகூட அப்படியே உட்கார வைக்கிறார்கள். சீட்டில் எழுதியிருக்கும் எடை, உயர வரம்பு வரை நீங்களும் அப்படியே விடுங்கள்.

பெட்டியில் ‘பக்கவாட்டுப் பாதுகாப்பு’ என்று போட்டிருக்கிறது. நம்பலாமா?
– வாசகர், சேலம்

பெட்டியை விடுங்கள், சீட்டில் ஒட்டியிருக்கும் ஆரஞ்சு நிற லேபிளைப் படியுங்கள். ஆர்129 என்றிருந்தால் பக்கவாட்டு மோதல் சோதனையைத் தாண்டியது. அதற்கு முந்தைய விதியான ஆர்44 என்றிருந்தால் அதில் பக்கவாட்டுச் சோதனையே கிடையாது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 செப்டம்பரோடு ஆர்44 சீட் விற்பனை நின்றுவிட்டது. நம் கடைகளில் இன்னும் கிடைக்கிறது. கையில் இருப்பது அதுதான் என்றால் தூக்கி எறிய வேண்டாம். இறுக்கமாகக் கட்டுங்கள், பின்னோக்கியே வையுங்கள்.

கழுத்துத் தலையணை தனியாக வாங்கினேன். வைக்கலாமா?
– வாசகர், வேலூர்

சீட்டோடு வராத எதையும் வைக்காதீர்கள். தலையை முன்னே தள்ளி, முகவாய் நெஞ்சில் பட்டால் கைக்குழந்தைக்கு மூச்சு அடைக்கும். அதற்கு மோதலே தேவையில்லை.

முன் சீட்டில் பின்னோக்கி வைத்தால் கண்ணெதிரே இருக்குமே?
– ஒரு தந்தை, மதுரை

ஏர்பேக் இயங்கும் முன் சீட்டில் ஒருபோதும் கூடாது. அது விரிகிற வேகத்தில் அடி நேரே குழந்தையின் தலைக்குப் பின்னால் விழும்.

கார் விபத்தில் தப்பிய சீட்டைத் திரும்பப் பயன்படுத்தலாமா?
– வாசகர், கடலூர்

பலத்த மோதல் என்றால் கூடாது. பிளாஸ்டிக்கின் உள்விரிசல் கண்ணுக்குத் தெரியாது. யாருக்கும் கொடுக்கவும் வேண்டாம். வார்களைக் கத்தரித்துவிட்டுக் குப்பையில் போடுங்கள், வேறு யாரும் எடுத்துக் காரில் மாட்டிவிடாதபடி.