மரத்தை இடம்வலம் மாற்றத் தெரியுமா?

சிறுசேரி சிப்காட்டிலும் செங்கல்பட்டை ஒட்டிய மகேந்திரா வேர்ல்டு சிட்டியிலும் வேலை தேடும் பட்டதாரிகள், இன்டர்வியூவுக்காக லீட்கோட் என்னும் கோடிங் பயிற்சித் தளத்தின் 3,000-க்கும் மேற்பட்ட கணக்குகளோடு மல்லுக்கட்டுகிறார்கள். முதல் கணக்கு ‘டூ சம்’: எந்த இரண்டு எண்களைக் கூட்டினால் கேட்ட தொகை வரும்? மாதச் சம்பளத்தில் குடித்தனம் நடத்தப் போகிறவருக்கு இதைவிட நல்ல பயிற்சி உண்டா?

226ஆம் கணக்கு இன்னும் உன்னதம். கணினித் தரவைக் கிளைகிளையாக அடுக்கும் பைனரி மரத்தை இடம்வலம் மாற்ற வேண்டும். ஹோம்புரூ மென்பொருளை உருவாக்கிய மேக்ஸ் ஹவல், இதை வெள்ளைப் பலகையில் எழுத முடியாததால் கூகுள் தன்னை நிராகரித்ததாக 2015இல் ட்விட்டரில் புலம்பினார். அங்குள்ள பொறியாளர்களில் 90 சதவீதம் பேர் அவருடைய மென்பொருளைத்தான் பயன்படுத்துகிறார்களாம். பயன்படுத்தட்டுமே! மரம் திரும்பவில்லையே?

பல்லவர்களுக்கு இந்த விவரம் போதவில்லை. உளி பிடித்த கையைப் பார்த்து ஆள் எடுத்திருப்பார்கள் போலும். விளைவு, மாமல்லபுரத்து ஐந்து ரதங்கள் இன்றும் அரைகுறை. அங்கே 1957இல் தொடங்கிய அரசு சிற்பக்கலைக் கல்லூரியும் பாடம் கற்கவில்லை. இன்னும் கல்லையே கட்டி அழுகிறது. 45 நிமிடத்தில், உளியில்லாமல், வாயாலேயே ஒரு யானையைச் செதுக்கச் சொன்னால் ஸ்தபதியின் தரம் தெரிந்துவிடாதா?

இத்தனை சல்லடைகளையும் தாண்டியவருக்கு முதல் வேலை, லாகின் பட்டனைப் பச்சையாக்குவது. அதையும் ஏஐ முடித்துவிட்டது. தலையாட்டுவது மட்டும் இவர் பொறுப்பு.

அடுத்த வாரம் முதல் இவரே இன்டர்வியூ எடுக்கிறார். விடை மறந்துவிட்டதாம். கேள்வி ஞாபகம் இருக்கிறது.