சாய்தளம் கட்டியாச்சுங்க!

அரசின் நிதியோ அங்கீகாரமோ பெற்ற எந்தப் பள்ளியும் மாற்றுத்திறன் குழந்தையைப் பாகுபாடின்றிச் சேர்த்துக் கற்பிக்க வேண்டும் என்கிறது 2016ஆம் ஆண்டுச் சட்டம். நம் பள்ளிகள் இதைச் சாய்தளம், கைப்பிடி என்று புரிந்துகொண்டன. சிமெண்டுக்கு ரசீது உண்டு, ஆசிரியர்கள் கூடிப் பேசுவதற்கு இல்லையே. தொடக்க வகுப்புகளில் மாற்றுத்திறன் மாணவர் பத்துப் பேருக்கு ஒரு சிறப்பாசிரியர் என்றது 2022இல் ஒன்றிய அரசு. இங்கோ அவர் வட்டார வள மையத்திலிருந்து பள்ளி பள்ளியாகச் சுற்றுகிறார். வகுப்பாசிரியரோடு உட்கார நேரமேது? ஆள் கிடைப்பதில்லை என்பார்கள். பெரியநாயக்கன்பாளையத்தில் ராமகிருஷ்ண மிஷனின் விவேகானந்தா நிறுவனம் சிறப்பாசிரியர்களைத்தான் உருவாக்குகிறது. இக்குழந்தைகளைச் சேர்த்தால் தேர்ச்சி விழுக்காடு சரியுமே என்பது அடுத்த கவலை. நியாயம்தான், தலைமையாசிரியரை மேலிடம் அதைக் கொண்டுதானே அளக்கிறது! அப்படி அளக்கும் படிவத்திலேயே ‘சிறப்பாசிரியரோடு சேர்ந்து திட்டமிட்ட பிரிவேளைகள்’ என்றொரு கட்டம் சேர்க்கட்டும். பொய்யாக நிரப்பவாவது இருவரும் ஒருமுறை சந்தித்தாக வேண்டும்.