டேப் மாமா

தீபாவளிக்கு வீட்டைத் திறந்து வைத்தால், வருகிறவர்கள் முறுக்குத் தட்டுப் பக்கம் போவார்கள். இவர் சுவர்ப் பக்கம் போவார். செருப்பைக் கழற்றும்போதே இடுப்பில் ‘சர்ர்ர்’ என்று சத்தம் கேட்கும். மறுமுனையைப் பிடிக்கப் பிள்ளைகள் அடித்துக்கொண்டு ஓடும். என் வீட்டில் இவருக்கு டேப் மாமா என்றுதான் பெயர்.

“ஹால் அகலம் என்னா வருது தம்பி?”

இருபதுக்கு எழுபது அடி வரிசை வீடு, அண்ணே. உங்கள் வீடும் அதேதான். ஒரே தாமான், ஒரே டெவலப்பர், ஒரே பிளான். உங்கள் சுவரை அளந்தாலும் இதே கணக்குத்தான் வரும். ஆனால் அவர் அளப்பது என் சுவரை. (நான் யாரையும் குறித்துச் சொல்லவில்லை. மூன்று வீடு தள்ளி இருப்பவர் கோபித்துக்கொள்ள வேண்டாம்.)

எங்களுக்குச் சாவி கிடைத்தது 2017-இல். அதே ஆண்டு செராஸில் ஐக்கியா திறந்தது எங்கள் கெட்ட காலம். கிள்ளானிலிருந்து நெரிசலில் ஊர்ந்து போய், அங்கே எல்லா சோபாவிலும் ஒரு முறை உட்கார்ந்து எழுந்து, கறிபாப் தின்றுவிட்டு, சும்மா கிடைக்கும் காகித டேப்பை அள்ளிக்கொண்டு வருவார். அவர் வீட்டு அலமாரியில் அதுதான் நிறைந்திருக்கிறது. அலமாரி பழைய வீட்டிலிருந்து வந்தது.

ஒரு முறை பிரிக்பீல்ட்ஸில் சாவு வீட்டுக்குச் சேர்ந்து போனோம். பெண்கள் அழுதுகொண்டிருக்கிறார்கள். இவர் என் காதருகே குனிந்தார். ஏதோ ஆறுதல் சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். “மேல பாரு. பிளாஸ்டர் சிலிங், உள்ளுக்குள்ள லைட் ஒளிச்சி வச்சிருக்கான்” என்றார். அங்கே டேப்பை எடுக்கவில்லை, அந்த நாகரிகம் உண்டு. டிவி வைக்கும் சுவரைச் சாணால் அளந்தார்.

சிரித்தாயிற்று. அண்ணி மட்டும் பின்கட்டில் ஒரு பழைய மேசைமேல் அடுப்பை வைத்து, சாவி வாங்கிய நாளிலிருந்து குனிந்தே தோசை சுடுகிறார். கேபினெட் அடிக்க மூன்று பேர் கொடுத்த கொட்டேஷன் காலண்டர் ஆணியில் தொங்குகிறது. மேடை உயரம் 34 அங்குலமா, 36 அங்குலமா என்று அண்ணனுக்கு இன்னும் முடிவாகவில்லை. ஊரில் உள்ள மேடையெல்லாம் அளந்தவர், அண்ணியின் இடுப்பு எந்த உயரத்தில் இருக்கிறது என்று ஒருநாளும் பார்த்ததில்லை. இது எனக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை.

போன வாரம் டேப்பின் சுருள் அறுந்து, முகம் வாடி வந்து நின்றார். பார்க்கப் பாவமாக இருந்தது. என்னுடையதை எடுத்துக் கொடுத்தேன்.

“இத கொண்டுபோய் மொதல்ல அண்ணிய நிக்கவச்சி அளங்கண்ணே.”

“சரி லா தம்பி” என்று தலையாட்டிக்கொண்டே டேப்பை இழுத்து, என் வாசல் கதவில் வைத்தார்.

“முப்பத்தாறு. போன வருசமும் இதேதான்.”